ஆமைக்கு நாங்க கட்டிவிட்ட உருமால்

சூடான அயர்ன் பாக்ஸ் பனியன் மேல பட்டதும் புஸ்ஸுனு ஆவி கிளம்பும் பாருங்க... அந்த வாசம் வந்தா எனக்கு இன்னும் திங்கட்கிழமை ஞாபகம்தான்.

தொண்ணூறுகளோட ஆரம்பம். நெருப்பெரிச்சல்ங்கற ஊர் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அயர்ன் பண்ற இடத்துக்குப் பக்கத்துலயே செக்கிங் டேபிள், அதுல நாங்க ஆறு பொண்ணுங்க. ஓட்டை, கறை, நூல் பிசிறு பார்த்துப் பிரிச்சு வைக்கிற வேலை. கை அது பாட்டுக்கு ஓடும். வாய் சும்மா இருக்குமா?

ஞாயித்துக்கிழமை காலைல டிவில ஒரு கார்ட்டூன் வரும். முழுக்க இந்தி. ஒரு சிவப்பு நரியும், தொப்பி போட்ட குண்டு ஆமையும் ஓட்டைப் படகுல ஊர் ஊரா போகும். எங்களுக்குப் புரிஞ்சது அவ்வளவுதான். மிச்சத்தை எல்லாம் செல்வி பார்த்துக்கிட்டா.

செல்விக்கு என் வயசு. திங்கட்கிழமை டேபிளுக்கு வந்ததும் ஆரம்பிச்சிடுவா. அவ சொன்ன கதைல நரி ஒரு மாப்பிள்ளை. மறுவிருந்துல கறி கம்மியா வெச்சுட்டாங்கன்னு கோவிச்சுக்கிட்டு, பொண்டாட்டிய விட்டுட்டுக் கிளம்பினவர். ஆமை, அந்தப் பொண்ணோட தாய்மாமன். சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வர்றாராம். தலையில இருக்கறது தொப்பி இல்லையாம், கல்யாணத்துக்குக் கட்டின உருமாலாம்!

நாங்களும் ஆளாளுக்குச் சேர்த்துவிட்டோம். கட்டிங் வேஸ்ட் துணில நரி, ஆமை பொம்மை தைச்சோம். நரிக்கு ஒரு பொண்டாட்டியும் தைச்சோம். கார்ட்டூன்ல அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது.

எங்கள்ல மூத்தவங்க சரசக்கா. அவங்க வீட்டுக்காரர் ஏதோ பேச்சுல கோவிச்சுக்கிட்டுப் போய் ரெண்டு வருஷம். ஒரு தகவலும் இல்ல. அக்கா அதைப் பத்தி வாயே திறக்க மாட்டாங்க. திங்கட்கிழமை மட்டும், தலை நிமிராம கேப்பாங்க...

"ஏங்கண்ணு, மாப்ள இன்னிக்கு எதுவரைக்கும் வந்தாரு?"

"பக்கத்துல வந்துட்டாருங்க்கா"ம்பா செல்வி.

அந்தச் சமயம் நான் இந்தி கிளாஸ் போய் முதல் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தேன். திமிருன்னா அப்படி ஒரு திமிரு.

கடைசி வாரம் படகு கரை சேர்ந்துச்சு. ஒரு பெரிய கதவு திறந்துச்சு. நரி உள்ள போச்சு. ஆமை கண்ணைத் துடைச்சுக்கிட்டுத் திரும்புச்சு. அதோட கார்ட்டூன் முடிஞ்சுது.

மறுநாள் செல்வி சொன்னா, "மாப்ள ஊடு சேந்துட்டாருங்க்கா. பொண்டாட்டிதான் கதவத் தொறந்துச்சு."

சரசக்கா சிரிச்சாங்க. அவங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்ல.

நான் விட்டேனா?

"அது ஊடு இல்லீங்க்கா, ஜெயிலு. ஆமை போலீஸு, நரி திருடன். எனக்குத்தான் இந்தி தெரியுமுங்களே."

அக்கா கையில இருந்த பனியனை விரிச்சுப் பார்த்து, "இதுல ஓட்டை இருக்குது"ன்னு தனியா வெச்சாங்க. அடுத்ததை எடுத்தாங்க.

டீ டைம்ல செல்வி என்னைக் குழாயடிக்கு இழுத்துட்டுப் போனா.

"ஏம்புள்ள, அது போலீஸ் தொப்பின்னு எங்களுக்குக் கண்ணு தெரியாதா? அக்காளுக்குத் தெரியாதா? எல்லாத்துக்கும் தெரியும் புள்ள..."

அப்பவாவது போய் அக்காகிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசல. நான் சொன்னதுல என்ன தப்புன்னு உள்ளுக்குள்ள ஒரு வீம்பு.

அடுத்த வாரம் வேற கார்ட்டூன் வந்துச்சு. யாரும் அதுக்குக் கதை கட்டல. கொஞ்ச நாள்ல அக்கா மங்கலத்துல அவங்க அண்ணன் வீட்டுக்கே போயிட்டாங்க. செல்வியும் கல்யாணமாகிப் போயிட்டா. அக்காவோட வீட்டுக்காரர் வந்தாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

இப்ப என் பொண்ணு ரசிச்சுப் பார்த்த கார்ட்டூன் போன வாரம் முடிஞ்சுது. அதுக்குன்னே போன்ல ஒரு குரூப்பு. முகம் தெரியாத பசங்க சேர்ந்து படம் வரையறாங்க, செத்துப்போன ஆளைக்கூடப் பிழைக்க வெச்சுக் கதை எழுதறாங்க.

"நிஜ முடிவு இது இல்லையே"ன்னு கேட்டேன். புத்தி போகுமா?

"தெரியும்மா. அதனாலதான் எழுதறோம்"ன்னா. அப்புறம் அந்தக் குரூப்புல ஒவ்வொருத்தருக்கா, பேர் போட்டு நன்றி எழுதினா. நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தேன்.

எனக்கும் அப்படி அஞ்சு பேர் இருந்தாங்க. நன்றி சொல்லியிருக்க வேண்டிய அன்னிக்கு, நான் திருத்தம் சொன்னேன்.