மேஸ்திரியின் பனி மருந்து

புதிதாகப் போட்ட கான்கிரீட்டின் மேல் புறங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் சூசைமுத்து மேஸ்திரி. சித்திரை வெயில். திண்டுக்கல்லில் வெறும் சுவரே தொட்டால் சுடுகிற நேரம். அவரோ பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற தகப்பனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "சூடு ஏறுது. பொழச்சுக்கிரும்" என்கிறார்.

"அப்படியே நாடியையும் பாத்துருங்க மேஸ்திரி. கஞ்சி கிஞ்சி வேணுமான்னு கேளுங்க" என்கிறார் பொன்னழகு. மேஸ்திரியிடம் வெகுகாலமாகக் கலவை போடுகிறவர். வயதில் மூத்தவர் என்பதால் அவருக்கு அந்த உரிமை உண்டு.

"சிரிப்பா, சிரி. லடாக்குல ஒரு ராத்திரி நின்னு பாத்திருந்தா நீயும் தொட்டுப் பாப்ப."

லடாக்கு வந்துவிட்டால் வேலையாட்கள் வெற்றிலைப் பையை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விடுவார்கள். இனி செத்த நேரம் வேலை நடக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

மேட்டுப்பட்டியில் என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் அவர். குள்ளமான, உருண்டையான மனிதர். உள்ளங்கை மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெரியது. மார்கழி பிறந்ததும் பெட்டியிலிருந்து கம்பளிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வார். அந்த மாதம் முழுவதும், தூங்கப் போகுமுன் பீங்கான் தட்டில் தண்ணீர் ஊற்றி மதில்மேல் வைப்பார். விடிந்ததும் போய்ப் பார்ப்பார். தட்டு காலியாக இருக்கும்.

"காக்கா குடிச்சிருச்சு அப்பு. இல்லாட்டி லேசா ஆடை கட்டிருக்கும்" என்பார் என்னிடம். திண்டுக்கல்லில் தண்ணீர் உறையும் என்று நம்புகிறவர் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான்.

எல்லையில் சாலை போட ஆள் எடுத்த காலத்தில் அவரும் போனாராம். இரண்டு வருஷம் பாலங்களுக்கு அஸ்திவாரம் போட்டாராம். ஈரக் கான்கிரீட் இறுகுவதற்கு முன் உறைந்துபோனால், பனி உருகும்போது அவல் மாதிரி உதிர்ந்துவிடும் என்பார். அதற்காகத் தண்ணீரைக் காய்ச்சி, மணலைச் சூடாக்கி, கலவையில் கால்சியம் குளோரைடு என்கிற உப்பைக் கரைத்து ஊற்றுவார்களாம். சீக்கிரம் இறுக வைக்கிற உப்பு; இறுகும்போது கான்கிரீட்டுக்கு உள்ளிருந்தே சூடு பிறக்கும். மேஸ்திரியின் வாயில் அது 'மருந்து'. முகாமைக் கலைத்தபோது மிஞ்சிய மருந்தைக் கேட்டு வாங்கி, ரயிலில் தலைக்கு வைத்துப் படுத்து, ஊர் கொண்டுவந்து சேர்த்தார். மனைவி செபாஸ்தியம்மாளின் ஊறுகாய் ஜாடியைக் காலி செய்து அதில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தார்.

செபாஸ்தியம்மாளுக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. "வடக்க போன ஆம்பளைக சால்வை கொண்டாந்தாய்ங்க, குங்குமப்பூ கொண்டாந்தாய்ங்க. எங்க வீட்டு மனுசன் உப்புக் கொண்டாந்தாரு. தூத்துக்குடியில இல்லாத உப்பு!"

வீட்டுக்கு யார் வந்தாலும் மேஸ்திரி ஜாடியை அவிழ்த்துக் காட்டுவார். வந்தவர்கள் வெள்ளைக் கட்டிகளை எட்டிப் பார்த்து, "உப்புதானே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். லடாக்கை ஊரில் யாரும் நம்பவில்லை. அவர் பம்பாயில் ஏதோ மில் கட்டடத்தில் இருந்துவிட்டு வந்து கதை விடுகிறார் என்றே பேச்சு.

பேச்சை அடக்கவேண்டும் என்று அவர் செய்த காரியம் அதை வளர்த்துவிட்டது. ரெட்டியார்சத்திரத்தில் மொக்கைச்சாமியின் கிணற்றுக்கு மோட்டார் மேடை போடும் வேலை. மருந்தின் வீரியத்தைக் காட்டுகிறேன் என்று வைகாசி வெயிலில் கலவையில் தாராளமாக ஊற்றினார். பனிக்கு ஏற்பட்ட மருந்துக்கு ரெட்டியார்சத்திரத்து வெயிலும் சேர்ந்துகொண்டது. கலவை மேடைக்குப் போய்ச் சேரவில்லை. சாந்துச் சட்டியிலேயே இறுகி, குத்தி வைத்த கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. மொக்கைச்சாமி அதைத் தூக்கிக் கொண்டுபோய் மாடு கட்டும் முளையாக வைத்துக்கொண்டார். "உங்க லடாக்குல மாட்டைக் கட்டியிருக்கேன் மேஸ்திரி" என்று சந்தையில் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார்.

நானும் நம்பாதவர்களில் ஒருவனாகத்தான் இருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், படித்தது வரலாறு. எந்த அரசன் எந்த ஊர்மேல் படையெடுத்தான் என்று யாரோ எழுதியதை நம்பிப் பரீட்சை எழுதித் தேறினேன். எதிர்வீட்டுக்காரர் தாமே போய்வந்த இடத்தை நம்ப மட்டும் எனக்கு ஏன் சாட்சி வேண்டியிருந்தது? வேலை தேடி அலைகிற நாட்களில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நேரம் நிறைய இருக்கிறது.

சாட்சி சென்ற தை மாதம் வந்தது. கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட விடுதிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டவேண்டும். குளிர்கால விடுமுறை முடிந்து பிள்ளைகள் வருமுன் தூண்களுக்கு அஸ்திவாரம் போட்டாக வேண்டும். "தை மாசம் அங்கிட்டுப் புல்லே வெள்ளையாயிரும், கான்கிரீட்டு என்னத்துக்கு ஆகும்?" என்று மற்ற மேஸ்திரிகள் மறுத்துவிட்டார்கள். காண்டிராக்டர் வாசலில் சூசைமுத்து தாமே போய் நின்றார். செய்தி பரவியதும் மேட்டுப்பட்டியே காத்திருந்தது. அஸ்திவாரம் உதிர்ந்தால் லடாக்கும் உதிர்ந்துவிடும். பிறகு அவர் ஆயுசுக்கும் வாய் திறக்க முடியாது.

"நீயும் வா அப்பு. ஓவர்சியர் இங்கிலீசுல கேட்டா, நான் லடாக்கைப் பத்தி எப்படிச் சொல்றது?" என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

பஸ்ஸில் ஜாடி அவர் மடியில் இருந்தது. பக்கத்து இருக்கை அம்மாள், "என்ன ஊறுகாய்ங்க?" என்று விசாரித்தார். மேஸ்திரி மகிழ்ந்து பதில் சொல்லத் தொடங்கினார். பஸ் மலை ஏறி முதல் வளைவில் திரும்பியது. ஜாடிக்குள் 'களக்' என்று சத்தம் கேட்டது. அடுத்த வளைவில் இன்னொரு களக். மேஸ்திரி பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். மேலே போய்ச் சேரும்வரை ஜாடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஓவர்சியர் சௌகத் அலி வத்தலக்குண்டுக்காரர். நல்ல தமிழில் வரவேற்றார். என் படிப்புக்கு வேலை இல்லாமல் போய், நான் விறகு சுமக்கப் போனேன்.

"மருந்து எங்க மேஸ்திரி?" என்று கேட்டார் கூட வந்திருந்த பொன்னழகு.

மேஸ்திரி எல்லோர் முன்னிலையிலும் ஜாடியின் துணியை அவிழ்த்தார். கட்டி ஒன்றுகூட இல்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, உப்பு முழுவதும் எண்ணெய்போல் கரைந்து நின்றது. திறந்து காட்டிக் காட்டியே கரைத்துவிட்டார். பொன்னழகு எட்டிப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "எப்படியும் தண்ணியில கரைச்சுத்தானே ஊத்தணும்? கரைச்சே கொண்டாந்துட்டேன்."

அது உண்மைதானா, வாயில் வந்த சமாளிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகமே. வீரியம் எவ்வளவு என்பது நிச்சயமாக அவருக்குத் தெரியவில்லை. கொட்டாங்குச்சிகளைப் பொறுக்கிவந்து, சிமெண்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்தார். முதல் கொட்டாங்குச்சியில் விரலை விட்டுப் பார்த்தபோது, விரலோடு கொட்டாங்குச்சியும் வந்தது. பொன்னழகு அதைக் கல்லால் தட்டி உடைத்து விடுவித்தார். "இதுல மாடு கட்ட முடியாது மேஸ்திரி, ஆடு வேணா கட்டலாம்."

அளவைக் குறைத்துக் குறைத்து, ஒருவழியாக ஒரு கொட்டாங்குச்சியைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தண்ணீர் காய்ந்தது. இரும்புத் தகட்டில் மணல் சூடேறியது. "கடலையையும் கொட்டுங்க, வறுத்துருவோம்" என்றார்கள் வேலையாட்கள். வெயில் சாய்வதற்குள் தூண் குழிகள் நிறைந்தன. மேஸ்திரி மேலே வைக்கோல் பரப்பினார். போதவில்லை. வேலையாட்களின் கம்பளிகளை ஒவ்வொன்றாக உருவினார்.

"கான்கிரீட்டுக்குக் கம்பளி, மனுசனுக்குச் சாக்கா?" என்று பொன்னழகு கத்தினார்.

"நீ உதுந்தா ஒட்டிக்கிரலாம்ப்பா. இது உதுந்தா ஒட்டாது."

கடைசிக் குழியில் ஒரு மூலை மூடாமல் கிடந்தது. தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அங்கே போட்டு, ஓரங்களில் கல் வைத்தார். நாங்கள் கொட்டகையில் நெருப்பைச் சுற்றிக் கிடந்தோம். அவர் குழிகளைவிட்டு நகரவில்லை.

விடிந்தபோது புல் வெள்ளையாக இருந்தது. வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடித் தகடாய்ப் பனிக்கட்டி. மேஸ்திரி வெற்றுடம்பில் சாக்கைப் போர்த்தி, உதடு நீலம் பாரித்து நின்றார். சௌகத் அலி வந்து கம்பளியை விலக்கி, வைக்கோலை ஒதுக்கி, வெதுவெதுப்பாக இருந்த கான்கிரீட்டை ஆணியால் கீறினார். கீறல் விழவில்லை. மற்ற குழிகளுக்கும் போனார். கம்பளிச் சட்டை கிடந்த மூலையில் இருமுறை அழுத்திக் கீறினார். அங்கும் விழவில்லை.

அவர் நிமிர்ந்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "மேஸ்திரி, இந்த வேலையை எங்க கத்துக்கிட்டீங்க?"

யாராவது கேட்கமாட்டார்களா என்று எங்கள் மேட்டுப்பட்டியில் அவர் இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. பொன்னழகுகூட அருகில் வந்து நின்றார். மேஸ்திரி வாயைத் திறந்தார். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. 'ல' மட்டும் வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் 'ல'.

தாடையை இடது கையால் பிடித்துக்கொண்டார். மலைக்குப் பின்னால் சூரியன் எந்தப் பக்கம் கிளம்புகிறது என்று பார்த்தார். அதற்கேற்ப உடம்பை மெதுவாகத் திருப்பி, வலது கையைத் தூக்கி, வடக்கே நீட்டினார்.