டீச்சரின் கோணல் தையல்

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நான் பெற்றது நாலு, இறந்துபோன நாத்தனாரின் மகன் ஒருவன். ஐந்து பேருக்கும் பள்ளிக்கூட உடுப்பிலிருந்து கல்யாண ரவிக்கை, சட்டைவரை என் மிஷினில்தான் தைத்தேன். எங்கள் வலியசாலைத் தெருவில் வந்து தையல்கார அக்கா வீடு எது என்று கேட்டால் இன்றைக்கும் கைகாட்டுவார்கள். பெருமை பேசுகிறாளே என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். அப்படிப்பட்டவளுடைய மிஷின்மேல் இப்போது பழுப்பேறிய ஒரு ஜோடி அட்டை சாக்ஸ் கிடக்கிறது. நான் தைத்தது அல்ல. தையல் விட்டுப்போய்க் கிடக்கிற அதைச் சரிசெய்யச் சொல்லி என்னோடு இருக்கிற கடைசி மகள் காலையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள்.

அட்டை சாக்ஸ் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழைக்காலத்தில் பொன்முடிப் பக்கம் காட்டுக்குள் கால்வைத்தால் ரத்தம் குடிக்கிற அட்டை எங்கிருந்தென்று தெரியாமல் ஏறும். சாதாரண காலுறையின் பின்னல் வழியாகக்கூட அது நுழைந்துவிடும். அதனால் கெட்டியான காடாத் துணியில் முழங்கால்வரை நீண்ட பை மாதிரித் தைத்து, மேலே நாடா போட்டு இறுக்கி, அதன்மேல் ஷூ போட்டுக்கொள்வார்கள். பெரிய தையல் வித்தை ஒன்றும் இல்லை. எனக்கு அரைமணி நேர வேலை. ஆனால் என் மகள் கல்லூரிக்குப் போன முதல் மழைக்காலத்தில் அதை வேறொருத்தி தைத்துக் கொடுத்தாள், என் மகளும் போட்டுக்கொண்டாள். அந்த ஒருத்திதான் டீச்சர்.

டீச்சர் மலையாளக்காரி. என் மகள் படித்த கல்லூரியில் விலங்குகளைப் பற்றிய பாடம் எடுத்தவள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். ஒல்லி, குட்டை, குரலே எழும்பாது. அவள் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாதம் ஒரு சனிக்கிழமை வித்துரா வழியாகப் பொன்முடி மலைப் பாதைக்குப் போவாள். வழியில் வண்டிக்காரர்கள் வீசிப்போன பிளாஸ்டிக்கைப் பொறுக்குவார்கள், குரங்குகளுக்குத் தின்னக் கொடுப்பவர்களைத் தடுப்பார்கள், எந்தப் பறவை எங்கே கூடு கட்டியிருக்கிறது என்று பார்த்து வைப்பார்கள். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் டீச்சர் தன் கையாலேயே அட்டை சாக்ஸ் தைத்துக் கொடுப்பது வழக்கம். கடையில் வாங்கமாட்டாள், தையல்காரரிடம் கொடுக்கமாட்டாள். “கையால தைச்சுக் கொடுத்தா பிள்ளைங்க அடுத்த மாசமும் வரும் அம்மே, வாங்கிக் கொடுத்தா மறக்கும்” என்று மலையாளம் கலந்த தமிழில் என்னிடமே சொன்னாள். சொன்னது போலவேதான் நடந்தது. வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத என் மகள், மலையில் ஊரார் தின்று போட்ட சிப்ஸ் பாக்கெட்டைக் குனிந்து குனிந்து பொறுக்கினாள்.

முதல்நாள் அந்த சாக்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இடது காலில் கணுக்கால் பக்கம் தையல் பாம்பு மாதிரி வளைந்து போயிருந்தது. என்னிடம் தையல் பழக வருகிற பெண்கள் அப்படித் தைத்தால் அப்போதே பிரித்துவிடச் சொல்வேன். “கொண்டா மக்களே, பிரிச்சு நேரா அடிச்சுத் தாரேன்” என்றேன். அவள் என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். “எம்மா, அது டீச்சர் தைச்சது. தொடாதீங்கோ” என்றாள். என் வீட்டுக்குள், என் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள். நெஞ்சில் ஊசி ஏறியது போல இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டீச்சர் பேச்சுதான். டீச்சர் சொன்னா, டீச்சர் சிரிச்சா, டீச்சர் காப்பியில் சீனி போடமாட்டா. எங்கள் அவர் சாலைக் கடைத்தெருவில் கணக்கு எழுதிவிட்டுக் களைத்து வருகிறவர். அவரே ஒருநாள், “உனக்கொரு சக்களத்தி வந்திருக்கா போலிருக்கே” என்று கேலி பண்ணினார். நான் அன்றைக்கு அவருக்கு மோர் ஊற்றவில்லை. டீச்சர் வீட்டுக்கு வந்தாலாவது ஏதாவது குறை பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். வந்தாள். நான் வைத்த தீயல் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், தட்டைத் தானே கழுவி வைத்தாள். பழி சொல்ல ஒரு சின்ன இடம் கொடுத்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

இந்த டீச்சர் அப்படி என்னதான் செய்கிறாள் என்று பார்க்க ஒரு சனிக்கிழமை நானும் அவர்களோடு பஸ் ஏறினேன். சனிக்கிழமை என்பதால் காலையில் கோயிலுக்குப் போய், ஆஞ்சநேயருக்குப் படைத்த வாழைப்பழச் சீப்பைப் பையில் வைத்திருந்தேன். மலையில் ஒவ்வொரு கொண்டைஊசி வளைவுக்கும் இரண்டு பிள்ளைகளை டீச்சர் நிறுத்தினாள். என் மகளுக்குக் கிடைத்தது குரங்குகள் அதிகம் உட்கார்ந்திருக்கிற வளைவு. ஒரு காரிலிருந்து பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டு இறங்கிய ஆள், “குரங்குக்கென்ன, பசிக்காதா? நீ என்ன பாரஸ்ட்காரியா?” என்று மலையாளத்தில் அவளை நக்கல் பண்ணினான். எனக்கு வாய் துறுதுறுத்தது, நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று. டீச்சர் பின்னால் மரத்தடியில் நின்றாள். மகள்தான் மலையாளத்திலேயே பேசினாள். “பசிக்கும் சார். அதுக்குக் காட்டுல தீனி இருக்கு. நீங்க கொடுத்தா ரோட்டுக்கு வந்து நிக்கும், அடுத்த வண்டி அடிச்சுப் போட்டுட்டுப் போவும்.” அவன் பாக்கெட்டை மடித்துக்கொண்டு காரில் ஏறினான். நான் பெற்ற பிள்ளை இப்படிப் பேசுவாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்து வைத்திருந்தவள் மரத்தடியில் நின்றாள்.

அப்போதுதான் குட்டியை வயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு குரங்கு என் எதிரே வந்து உட்கார்ந்தது. சனிக்கிழமை, கையில் சாமி பழம், எதிரே குரங்கு. சிப்ஸ் போடுகிறவர்களுக்குத்தானே அந்தச் சட்டமெல்லாம், சாமி காரியத்துக்கு என்ன என்று நினைத்து ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினேன். மகள் ஓடிவந்தாள். என் கைக்கும் குரங்குக்கும் நடுவில் நின்று, “அம்மே, குரங்ஙனு ஒன்னும் கொடுக்கருது” என்றாள். குரங்குக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாதாம். சொன்னது சுடவில்லை. மலையாளத்தில் சொன்னதுதான் சுட்டது. காரில் வருகிற எவரோ ஒருத்தியிடம் பேசுகிற அதே பேச்சு. மற்ற பிள்ளைகள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் பழத்தைக் கீழே போடவும் தெரியாமல் நான் நின்றேன்.

டீச்சர் அப்போது வந்தாள். என்னைத் திருத்தவில்லை, என் மகளையும் மெச்சவில்லை. “அம்மே, எனிக்கொரு பழம் தருமோ? ராவிலே ஒன்னும் கழிச்சில்லா” என்றாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். என் கையிலிருந்ததை வாங்கி உரித்து, பாதியைத் தான் தின்று பாதியை என் மகள் கையில் கொடுத்தாள். மிச்சச் சீப்பை மற்ற பிள்ளைகள் தின்றார்கள். சாமி பழம் வீணாகவில்லை, என் முகமும் வாடவில்லை. அதையும் அவளே செய்தாள். என் அவமானத்தைக்கூட என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

திரும்பி வரும்போது பஸ் வித்துராவைத் தாண்டட்டும் என்று இருந்தேன். பிறகு கேட்டேன், “ஏன் மக்களே, அம்மைகிட்ட பேசத் தமிழ் மறந்துபோச்சோ?” அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “தமிழ்ல பேசினா நீங்க எனக்கு அம்மா ஆயிருவீங்க. அப்புறம் எனக்குத் தடுக்க வாய் வராது.” அந்தப் பதிலை எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். நல்ல பதில்தான். ஆனாலும் அப்படி ஒரு பதிலைச் சொல்லும்படி அவளை வளர்த்தது யார் என்ற இடத்தில் என் மனம் போய் நின்றுவிடும்.

படிப்பு முடிந்ததும் பாங்குப் பரீட்சை எழுதச் சொல்லி அவர் சொன்னார், நான் சொன்னேன். அவள் காட்டு வேலைதான் என்று முடிவு பண்ணினாள். அந்த முடிவை முதலில் டீச்சரிடம் சொல்லிவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வந்து இரண்டாவதாக எங்களிடம் சொன்னாள். இன்றைக்கு அவளே பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகிறாள். கூடத்தில் காடாத் துணியைப் பரப்பிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கையால் தைக்கிறாள். என் மகள், தையல்காரி மகள், ஒரு கோடு நேராக வராது. “மிஷின் சும்மா கிடக்கு, கொண்டா” என்றால், “நான்தாம்மா தைக்கணும்” என்கிறாள். அவளுக்குக் கீழே இப்போது எத்தனையோ பிள்ளைகள். அவர்களுடைய அம்மாமார் என் மகளைப் பார்க்கிற பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் உண்டு, மறைப்பதற்கில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வருகிறாளாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வடக்கே மகனோடு இருக்கிறவள், கோல் ஊன்றிக்கொண்டாவது புதிய பிள்ளைகளைப் பார்க்க வித்துராவரை வருகிறாளாம். அதற்குத்தான் அந்தப் பழைய சாக்ஸைப் போட்டுக்கொண்டு போகவேண்டும் என்று மகள் கொண்டுவந்தாள். “எம்மா, தையல் விட்டுப்போச்சு. உங்களாலதான் முடியும். ஆனா பழைய தையல் மேலேயே போகணும் கேட்டீங்களா, மாத்திடக் கூடாது” என்றாள். எத்தனையோ வருஷம் கழித்து அவள் காலுக்கு ஒன்று தைக்கக் கிடைத்திருக்கிறது. அதுவும் டீச்சர் போட்ட கோட்டில்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வலது காலை முதலில் எடுத்தேன். அது நேர்த் தையல். பழைய ஓட்டைகளிலேயே ஊசியை விட்டு முடித்துவிட்டேன். அப்புறம் இடதை எடுத்துப் பக்கத்தில் வைத்தபோதுதான் யோசனை வந்தது. வலதை நேராகத் தைக்கத் தெரிந்தவள் இடதை ஏன் கோணினாள்? இரண்டையும் இத்தனை காலம் நான் சேர்த்துவைத்துப் பார்த்ததே இல்லை. சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து மகளுக்கு இடது கணுக்கால் எலும்பு பிசகியது. வைத்தியர் கட்டுப்போட்டுச் சரியானாலும், வெளிப்பக்கம் எலும்பு கொஞ்சம் துருத்திக்கொண்டே நின்றுவிட்டது. தையல் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஷூவுக்குள் உரசிப் புண்ணாகக் கூடாதே என்று டீச்சர் வளைத்திருக்கிறாள். அந்தக் காலுக்கு ராத்திரியெல்லாம் எண்ணெய் தடவினவள் நான். நான் நேராக அடித்துக் கொடுத்திருந்தால் அது உரசியிருக்கும்.

ஊசி அந்த வளைவின் முதல் ஓட்டையில் நிற்கிறது. இன்னும் இழுக்கவில்லை. இதை வாயால் சொன்னால் அம்மையும் மகளும் சண்டைக்கு நிற்போம். அதனால்தான் மூன்றாம் வகுப்பில் படித்த எழுத்தை வைத்துக்கொண்டு மதியத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். பேத்தியே, அவள் மகளே, உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், பரவாயில்லை, மெதுவாக வாசி. அந்த டீச்சரைப் பற்றி வேண்டியதற்கு மேல் நல்லது சொல்லிவிட்டேனா என்று எனக்குக் கேட்கவேண்டும், அதன் பிறகுதான் ஊசியை இழுப்பேன். சத்தமாகவே வாசி மக்களே. அந்தக் கணுக்கால் வருகிற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள், உன் அம்மா அடுக்களையில் இருக்கிறாள்.