நான் வைத்த பத்தியம்

மலைமேல் ஒண்டிக்கடை என்கிற இடத்தில், சுற்றுலா வருகிறவர்களுக்கு மூலிகைப் பொடியும் தைலமும் விற்கிற கடையொன்றில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். கூச்சத்தில் வாய் பேசத் தெரியாதவள் என்று தெரிந்துதான் முதலாளி என்னைப் பொட்டலம் போட எடுத்தார். ஆனால் சீசனில் கூட்டம் ஏறிவிட்டால் நானும் முன்னால் வந்து நிற்க வேண்டும். அதற்காக நாலு வரி சொல்லிக் கொடுத்திருந்தார். வல்லாரைப் பொடி பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி அதைச் சொல்ல வேண்டும்.

"வயசாக ஆக மூளையும் துருப்பிடிக்குதுங்க. இரும்பு மாதிரிதானுங்க. இதுல ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்குது. துருவைத் தடுக்குமுங்க."

வாங்குகிறவர் முகத்தைப் பார்க்காமல், குனிந்துகொண்டே சொல்லி முடிப்பேன். அதனாலேயே நம்பினார்களோ என்னவோ, நான் நிற்கிற நாளில் நன்றாக விற்கிறது என்பார் முதலாளி.

அது பொய் என்று நானும் நினைக்கவில்லை. பத்தாவது வரை படித்தவள். மிஷன் பள்ளியில் டீச்சர் மூன்று சோதனைக் குழாயில் மூன்று ஆணிகளைப் போட்டுக் காட்டினார். சும்மா தண்ணீரில் கிடந்த ஆணி சில நாளில் சிவந்துபோனது. கொதிக்கவைத்த தண்ணீரில் போட்டு மேலே எண்ணெய் ஊற்றிய ஆணி பளபளவென்றே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு முழுதாகப் புரிந்த பாடம் அது ஒன்றுதான். முதலாளி துரு என்றதும், எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், காப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் மெஷினைப் பார்த்துக்கொண்டவர். வேலையை விட்ட அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள், வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினார். இருவரும் சிரித்தோம். பிறகு ஒரு நாள் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, பஸ்ஸிலேயே குப்பனூர் வரை மலையிறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மறுநாளே கடையிலிருந்து ஒரு பாக்கெட் எடுத்து வந்தேன்.

"ஏம்புள்ள, ஊருக்கெல்லாம் வித்தது பத்தாதுன்னு எனக்குமா?"

"துருவுக்குங்க."

"துருவுக்குக் கிரீஸ் அடிக்கோணும். பொடியத் தூவுனா மெஷினு நின்னு போயிரும்."

கேலி பேசினாலும் மடக்கென்று குடித்தார்.

பாக்கெட்டில் பத்தியம் என்று ஒரு எழுத்துகூட இல்லை. நானாகத்தான் வைத்தேன். நாட்டு மருந்தென்றால் பத்தியம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் பிடிக்காது என்றே எங்கள் வீட்டில் வளர்ந்தோம். கறி, மீன், முட்டை, பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்தினேன். காப்பியைக்கூடப் பாலில்லாமல் கடுங்காப்பியாகக் கொடுத்தேன். நாற்பத்தெட்டு நாள் ஒரு மண்டலம். முடிந்தும் மறதி குறையாததால் இன்னொரு மண்டலம். அது முடிந்ததும் மற்றொன்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது கறிக்கடை முன்னால் அவர் கால் தானாக நிற்கும்.

"பத்தியமுங்க."

"ஞாயித்துக்கெழமைக்குமா? ஆண்டவரே ஓய்வெடுத்த நாளு. பத்தியத்துக்கும் ஒரு லீவு உடு புள்ள."

"உட்டா மருந்து முறிஞ்சு போயிருமுங்க. நடங்க."

நடந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லி நான் செய்துதான் பழக்கம். நான் சொல்லி அவர் கேட்டது அந்தப் பத்தியத்தில்தான். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

ஒரு சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொன்று வழியில் கழன்று விழுந்திருக்கிறது. செருப்பைக்கூடவா மறப்பார் என்று தலையில் அடித்துக்கொண்டு, பொடியை ஒரு ஸ்பூன் கூட்டினேன். காலில் செருப்பு இருப்பதே அவருக்குத் தெரியவில்லை, பாதம் மரத்துக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் மாதாமாதம் ஒரு கிளினிக்குக்குப் போவோம். மறதி என்று சொன்னதும், அங்கிருந்த சின்ன வயது டாக்டரம்மா கேட்டார்.

"கறி, முட்டை, பால் எல்லாம் சாப்பிடறாருங்களா?"

எனக்கு முன்னால் போன ஒரு பெண்ணை, நாட்டு மருந்து சாப்பிட்டதற்காக அவர் சத்தம் போட்டது வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டிருந்தது. அத்தனை பேர் நடுவில் நானும் அப்படித் திட்டு வாங்குவதை நினைக்கவே உடம்பு கூசியது.

"எல்லாம் சாப்பிடறாருங்க."

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நானா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதையும் மறந்துட்டீங்களாய்யா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இருக்கும், இருக்கும். மறந்திருப்பேன்" என்றார்.

அதன்பின் ஏழெட்டு மாதம் போனது. வாசல் படியில் கால் தடுமாறி விழுந்தபோதுதான் சேலத்துக்குக் கொண்டுபோனோம். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் வயதானவர், பொறுமையானவர். என்ன சாப்பிடுகிறார் என்று அவரும் கேட்டார். இந்த முறை சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார்.

"எத்தனை நாளா?"

"ஒண்ணேமுக்கால் வருசமுங்க."

பி பன்னிரண்டு என்கிற சத்து சுத்தமாக இறங்கிவிட்டது என்றார். கறி, முட்டை, பாலில்தான் அது இருக்கிறதாம். சர்க்கரை மாத்திரையே அதைக் கொஞ்சம் குறைக்குமாம். மிச்சமிருந்ததை நான் குறைத்தேன். அது இல்லாவிட்டால் நரம்பும் போகும், ஞாபகமும் போகும்.

"மூளை துருப்பிடிச்சதில்லைங்களா டாக்டர்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த வார்த்தை அதுதான்.

"வயசாகறதுல அந்த மாதிரி சேதமும் நடக்குதும்மா. மூலிகை அதைத் தடுக்குமான்னு ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க. அது வேற. இவருக்கு வயசுனால போனது கொஞ்சம் இருக்கலாம், சத்து இல்லாம போனது கொஞ்சம் இருக்கலாம். எது எவ்வளவுன்னு இனிப் பிரிச்சுச் சொல்ல முடியாது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஊசியிலேயே நிறைய மீட்டிருக்கலாம்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஊசி போட்டார்கள், இன்னும் போடுகிறோம். கம்பை ஊன்றி நடக்கிறார். பல்பர் மெஷினின் ஒவ்வொரு பாகத்தையும் எப்படிக் கழற்றி மாட்டுவது என்று தப்பில்லாமல் சொல்கிறார். என்னைச் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை.

கடைக்கு இப்போதும் போகிறேன். பேச வாய் வரவில்லை என்று சொல்லிப் பொட்டலம் போடுகிற வேலைக்கே திரும்பிவிட்டேன். என் நாலு வரியை வேறொரு பெண் நிமிர்ந்து நின்று அழகாகச் சொல்கிறாள். வாங்குகிறவர்களிடம் ரத்தம் டெஸ்ட் செய்தீர்களா என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். அதற்குள் அவர்கள் காரில் ஏறிவிடுவார்கள். நினைக்கத்தான் எனக்கு வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டை அவித்து, உரித்து, மிளகுத்தூள் தூவி அவர் முன்னால் வைத்தேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேணாமுங்கம்மா. நான் பத்தியத்துல இருக்கறேன். ஊட்டுக்காரி பாத்தா நொம்ப வருத்தப்படுவா."

"அவங்கதானுங்க சாப்பிடச் சொன்னாங்க" என்றேன்.

தட்டை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

"அவ சொல்லியிருக்க மாட்டா."