ரோஷன் பீயின் கண்ணாடி உருண்டை

பேசிக்கொண்டே, வளையல் போட வந்த பெண்ணின் விரல்களைக் குவித்து அமுக்குகிறார் ரோஷன் பீ. "மரம் மாதிரி வெறப்பா வெக்காதம்மா, கைய லூசா வுடு." அந்தப் பெண் சிரிக்கிற நேரத்தில் வளையல் ஏறிவிடுகிறது. பாப்பிரெட்டிப்பட்டி கடைத்தெருவில் அவருக்கு வளையல் கடை. இருப்பதிலேயே அழகான கண்ணாடி வளையல்கள் எப்போதும் அவர் கையில்தான் இருக்கும். யாராவது அவற்றைக் கேட்டால் கழற்றி விற்றுவிடுவார். சாயங்காலம் மொட்டைக் கையோடு வீடு திரும்புவார்.

"இந்த வாயி சும்மா இருக்குதா? வெலய சொல்லிடுது. எனக்குன்னு ஒரு கண்ணாடி நிக்க மாட்டேங்குது டீச்சர்." என்னிடம் இப்படிச் சொல்லும்போது வருத்தம் உண்மைதான். மறுநாளும் அதே கதைதான்.

தருமபுரி அருங்காட்சியகத்தில் கண்ணாடி ஊதிக் காட்டுகிறார்கள் என்று போன வாரம் சொன்னேன். சொல்லி வாய் மூடவில்லை, கடையைப் பூட்டிவிட்டார். அங்கே நான் ஓவியங்களைப் பார்த்தேன். அவர் ஓவியப் பெண்களின் கைகளைப் பார்த்தார். ஒரு கற்சிலையின் மணிக்கட்டைப் பிடித்து, "இவங்களுக்கு ரெண்டேகால் சைஸ் வளையல் சரியா இருக்கும்" என்றார். "தொடாதீங்கம்மா!" என்று காவலாளி ஓடிவந்தார்.

"அளவு பாத்தேங்க, வேற ஒண்ணும் இல்ல."

முற்றத்தில், பெங்களூரிலிருந்து வந்திருந்த நஞ்சப்பன் கேஸ் நெருப்பில் கண்ணாடிக் குழாயை உருக்கி, வாத்தும் மானுமாகச் செய்துகொண்டிருந்தார். ஊதிப் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம் என்றார். முடி வளர்த்த கல்லூரிப் பையன்களை முழங்கையால் தள்ளிக்கொண்டு ரோஷன் பீ முன்னால் போய் நின்றார்.

"நல்லா வந்தா எனக்கே குடுத்துடுவீங்களா?"

"ஊதினவங்களுக்குத்தாங்க."

ஈர விறகு அடுப்பை ஊதிப் பழகிய வாய். ஒரே மூச்சாக ஊதியதில் குமிழ் வீங்கிப் படீரென்று வெடித்தது. கூட்டம் சிரித்தது. அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

"அய்யோ அல்லா, அடுப்பு நெனப்புல ஊதிட்டேங்க. இன்னொருவாட்டி குடுங்க."

நஞ்சப்பன் சிரித்துக்கொண்டே வேறு குழாயைச் சூடாக்கித் தந்தார். இந்த முறை, சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல மெல்ல, மெல்ல. எலுமிச்சம்பழ அளவில் ஓர் உருண்டை வந்தது. கொஞ்சம் கோணல்தான். ஆறியதும் அதை வாங்கிக்கொண்ட ரோஷன் பீக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கே பெருமை தாங்கவில்லை.

வெளிவாசலில் ஒரு பெண் வழிமறித்தாள். "ஐ, நல்லாருக்கே! என்ன வெலைங்கக்கா?"

ரோஷன் பீயின் வாய் திறந்தது. போச்சு என்று நினைத்தேன். திறந்த வாயை இடது கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு, உருண்டையை முந்தானைக்குள் மறைத்தபடி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடையைக் கட்டினார்.