பதினொன்றாவது கணு

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். நுவரெலியாவில் தூறலும் பனிமூட்டமும். ஆபரேஷன் மேசையில் நான் விழித்தபடியே படுத்திருந்தேன். பஸ் கதவில் நசுங்கிய என் வலது ஆள்காட்டி விரலின் நடு மூட்டுக்குள், மணிக்கட்டிலிருந்து எடுத்த தசைநாரை டாக்டர் வைத்து முடித்திருந்தார். ஊசியால் கையில் உணர்வு மட்டும் மரத்திருந்தது; அசைக்க முடியும் என்றார்கள். திரை மறைத்ததால் விரலைப் பார்க்கவும் முடியவில்லை.

டாக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

“விரலை மடக்கணுமாம் தாத்தா,” என்றாள் மஸ்கெலியாவைச் சேர்ந்த நர்ஸ்.

மடங்காவிட்டால் மூட்டை நேராகவே பூட்டிவிடுவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

“வச்சது கழண்டுட்டா?”

“கழலாது, மடக்குங்க.”

முயன்றேன்.

“அசையலியே.”

மறுபடியும் முயன்றேன். பயத்தில் தோள்தான் இறுகியது.

அவள் என் காதருகே குனிந்தாள். “நேத்தெல்லாம் வார்டுல கட்டிலு, ஜன்னலு, என் மாத்திரை டப்பா வரைக்கும் விரல் விட்டு எண்ணுனீங்க. இங்க எத்தனை லைட்டுன்னு எண்ணலியா?”

வலது கட்டைவிரலால் அதே கையின் கணுக்களைத் தொட்டு, விரலுக்கு மூன்றாகச் சுண்டுவிரலிலிருந்து எண்ணுவது என் வழக்கம். மேலே பார்த்து எண்ணத் தொடங்கினேன். ஒன்பதில் நடுவிரல் முடிந்தது. ஆள்காட்டி விரலுக்கு வந்து பத்து என்றேன். பதினொன்று என்றேன்.

“வளையுது தாத்தா! நிறுத்தாதீங்க, எண்ணுங்க!”

எனக்குத் தைரியம் சொன்னவர்கள் நிறையப் பேர். என் படபடப்புக்கு ஒரு வேலை கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. கட்டு அவிழ்த்த நாளில் வீடு திரும்பும்போது கண்டக்டரிடம் பஸ் காசை அந்தக் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். போக்குவரத்து எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு மூவாயிரத்து நானூற்று எண்பது ரூபாய்.