உயிருள்ளவருக்கு ஒரு கல்வெட்டு

1991ஆம் ஆண்டு ஆனி மாதம் 15ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. நல்லூரிலிருந்து மிதித்து வந்த சைக்கிளைச் சண்டிலிப்பாயில் ஒரு வேலியோரம் சாத்திவிட்டு, மிளகாய்ப் பாத்திகளுக்கு மாறி மாறித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரப் பெண் பூரணத்தின் முன்னால் போய் நின்றாள் குணலட்சுமி. பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே கம்பஸில் முதுகலை வகுப்பில் படைப்பெழுத்துப் படிப்பதையும், அதற்காக ஒருவருடைய வாழ்க்கையை எழுதவேண்டியிருப்பதையும் கூச்சத்தோடு சொன்னாள்.

பக்கத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த பூரணத்தின் மச்சாள் பத்மாவதி நிமிர்ந்தாள்.

“உயிரோடை இருக்கிற ஆளுக்கு ஆரும் கல்வெட்டு எழுதுவினமோ? மச்சாள், முப்பத்தோராம் நாளுக்கு என்ன சமையலெண்டும் உவவையே கேளுங்கோ.”

“இது கல்வெட்டு இல்லை, அக்கா. வேறை.”

ஆனால் வேறாக எழுதத் தன்னால் முடியுமா என்பதுதான் குணலட்சுமியின் கவலை. ஊரில் எவர் இறந்தாலும், முப்பத்தோராம் நாள் கிரியையில் கொடுக்கும் கல்வெட்டு என்னும் சிறு நூலுக்கு, இறந்தவரைப் புகழ்ந்து எழுதித் தருபவள் அவளே. யுத்தத்தால் கடதாசி கிடைக்காத அந்த நாட்களில் கோடு போட்ட கொப்பித் தாளிலாவது அது அச்சாகிவிடும். பல ஆண்டுப் பழக்கம் கையை விட்டு நீங்கவில்லை. வகுப்பில் அவள் எழுதிய மனிதர்கள் எல்லோரும் பொறுமைசாலிகளாக, நற்பண்பினராக, ஒரே அச்சாக இருந்தார்கள். ஆகவே விரிவுரையாளர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார். உயிரோடிருக்கும் ஒருவரை எழுதி, அதை அவருக்கே வாசித்துக் காட்டவேண்டும். “இது நான்தான்” என்று அவர் ஒப்புக்கொண்டால்தான் புள்ளி. நாற்பத்தொரு வயதில் கிடைத்த படிப்பு; இந்தப் பாடம் தவறினால் பட்டமும் தவறும்.

“எழுதினாலோ சாவு வரப்போகுது? எழுதுங்கோ ரீச்சர்,” என்றாள் பூரணம்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் கதை சேர்ந்தது. கணவன் பாம்பு தீண்டி இறந்தபின் புகையிலைத் தோட்டத்தைத் தனியே செய்தவள் பூரணம். ஒரே மகன் பஞ்சலிங்கம், முந்தின ஆண்டு வெளிநாடு போவதற்குப் பாஸ்போட் எடுக்கவென்று கொழும்புக்குப் புறப்பட்டவன். அதன்பின் தகவல் இல்லை.

ஆவணியில் குணலட்சுமி வாசித்துக் காட்டினாள். பூரணம் கடைசிவரை கேட்டாள்.

“உது ஆர், ரீச்சர்? செத்த மனிசி மாதிரியெல்லோ இருக்கிறா. நான் உவள் பத்மாவோடை மூண்டு வருசம் கதைக்கேல்லை. அது எங்கை?”

“ஏன் கதைக்கேல்லை?”

“ஒரு பிலாக்காய்க்கு.”

“ஒண்டில்லை, ரெண்டு,” என்றாள் பத்மாவதி.

பூரணம் சிரிக்கவில்லை. “பிள்ளையை இழந்த தாயெண்டு வாசிச்சியள். இழந்தனெண்டு ஆர் சொன்னது?”

குணலட்சுமி வீட்டுக்குத் திரும்பினாள். எழுதிய அனைத்தையும் கிழித்தெறிந்து புதிதாக எழுதினாள். பிலாக்காய்ச் சண்டை வந்தது. கொழும்புக்குப் போன மகன், போனவனாக மட்டும் நின்றான். அதைக் கேட்டு முடித்ததும் பூரணம் வாய்க்கால் தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டாள்.

“ஓம், இது நான்தான். ஆனால் நீங்கள் எனக்கு ஒரு கடன் படுறியள், ரீச்சர். எப்பவாவது நான் வாய் திறந்து கேட்டால், பஞ்சலிங்கத்துக்கு நீங்கள்தான் கல்வெட்டு எழுதவேணும். நான் கேக்குமட்டும் ஒரு வரியும் எழுதப்படாது.”

குணலட்சுமி சம்மதித்தாள். பட்டமும் கிடைத்தது. அதற்குப் பிறகு சண்டிலிப்பாய்க்குப் போகும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவாளோ என்று பயப்படுவாள். பூரணமோ மிளகாய் விலையைப் பற்றிக் கதைப்பாள்.

1995 ஐப்பசி முடிவில் இராணுவம் முன்னேற, சண்டிலிப்பாயும் நல்லூரும் சேர்ந்த வலிகாமப் பகுதியே வெறுமையாகியது. இடம்பெயர்ந்தவர்கள் தங்கிய மீசாலைப் பள்ளிக்கூடம் ஒன்றில், வாங்கு மேசைகளை அடுக்கி மறைத்த ஒரு மூலையில் பூரணத்தைக் கண்டுபிடித்தாள் குணலட்சுமி. பக்கத்தில் பத்மாவதி இருந்தாள்.

“நல்லவேளை ரீச்சர் வந்தது. மச்சாள், அஞ்சு வருசமாச்சு. இனியாவது பெடியனுக்கு ஒரு கிரியை செய்வம். கல்வெட்டுக்கும் ரீச்சரிட்டைச் சொல்லுங்கோ.”

பூரணம் தலை நிமிர்ந்தாள். அந்த வகுப்பறையில் அத்தனை குடும்பங்கள் இருந்தும், குணலட்சுமிக்கு அவளுடைய முகத்தைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கேட்டால் எழுதத்தான் வேண்டும். எழுதினால் அவன் இறந்தவனாகிவிடுவான்.

“ரீச்சர் களைச்சுப்போய் வந்திருக்கிறா,” என்றாள் பூரணம். “தேத்தண்ணி ஊத்திக் குடு, பத்மா.”

அன்று கேட்கவில்லை. அதன் பின்னரும் அவள் கேட்கவேயில்லை.