ஆபீசர் வந்தால் உட்காரலாம்

எனக்குப் பயம் வந்தால் முதலில் குரல் உயரும், பிறகு வியர்க்கும், அதற்கும் பிறகுதான் மூளை வேலைக்கு வரும். அது வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் காரியம் கெட்டிருக்கும்.

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுச் சேலை மாடிக்கு நான் மேனேஜர். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, முதலாளி மறுபேச்சில்லாமல் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டார். குடோனில். "சேல்ஸ் பொண்ணுங்க உக்காந்தா கடையே தூங்குற மாதிரி இருக்கும்யா" என்பது அவர் கொள்கை. கோபாலபுரத்து வீட்டில் இருந்தபடியே செல்போனில் எங்கள் கேமராவைப் பார்ப்பார். குடோன் சாவி என்னிடம். ஒரு சட்டத்தையே இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆடித் தள்ளுபடி நேரம். காலையில் கவுண்டர் பெண் ஒருவர் வந்தார். ஆற்றோரத்து வீட்டை இடித்து ஊர்க்கோடிக்கு அனுப்பிவிட்டதால், பஸ் மாறி மாறி வருபவர்.

"சார், காலு வீங்கிகினு கீது. ஒரு ஸ்டூலு எடுத்துக்கவா? கஸ்டமர் வந்தா எந்திரிச்சிடறேன்."

"ஆடி முடியட்டும்மா" என்றேன். ஆடிக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை.

மத்தியானம் வாசல் செக்யூரிட்டி போன் செய்தார். "சார், ஆபீசர் மேரி ஒர்த்தரு மேல வந்துகினு கீறாரு. கையில பைலு. எதுவும் வாங்கற மூஞ்சி இல்ல."

என் குரல் உயர்ந்தது. குடோனைத் திறந்து ஸ்டூல்களைக் கொத்தாக இழுத்து வந்தேன். "எல்லாரும் உக்காருங்க! சிரிச்சிக்கிட்டே உக்காருங்க!"

"இன்னா சார், மியூசிக்கல் சேரா?" என்றாள் ஒருத்தி.

ஒன்றுக்குள் ஒன்றாகச் சிக்கியிருந்த கடைசி இரண்டைக் காலால் மிதித்துப் பிரித்ததில் நானே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சட்டப்படி பார்த்தால் அதுவும் உட்கார்வதுதான்.

பைல்காரர் வந்தார். எழுந்து வேர்வையைத் துடைத்து, "எங்க ஃப்ளோர்ல எல்லாரும் உக்காந்துதான் சார் வேலை பார்ப்பாங்க" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம். பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை மாடல் பார்த்துட்டு, இந்த பைலோட நேரா வரேன். வொய்ஃப் கீழ சேலை பாக்கறா, அது இப்போதைக்கு முடியற மாதிரி தெரியல. கால் வலி தாங்கல. எனக்கு ஒரு ஸ்டூல் கெடைக்குமா?"

ஆபீசர் இல்லை! அந்த நிம்மதியில் பக்கத்தில் இருந்தவரிடம், "எந்திரிம்மா, சாருக்குக் குடு" என்றேன். எழுந்தவர் காலையில் வந்த அதே பெண். கையால் ஸ்டூலைத் துடைத்து அவரிடம் நகர்த்தினார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"அவரு கால் வலின்னாரு, ஒடனே குடுத்துட்டீங்க. நானும் காலைல அதத்தானே சார் சொன்னேன்."

யாருக்கும் பதில் நக்கல் தயாராக வைத்திருக்கும் வாய் என்னுடையது. அன்று அதைக் கை முந்திக்கொண்டது. இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். உடனே என் போன் அடித்தது.

"என்னய்யா, கொலு வெச்ச மாதிரி எல்லாரும் உக்காந்திருக்காங்க?" முதலாளி.

'அவங்க கால் வீங்கியிருக்கு சார், உக்காரட்டும்.' முழு வாக்கியமும் நாக்கு நுனியில் இருந்தது. வெளியே வந்தது வேறு. "ஏரியால இன்ஸ்பெக்‌ஷன் நடக்குதாம் சார். கொஞ்ச நாளைக்கு இப்படியே இருக்கட்டும்."

"கெட்டிக்காரன்யா நீ" என்றார். நான் வாங்கிய பாராட்டுகளிலேயே மண்ணில் புதைந்துபோகத் தோன்றியது அதற்குத்தான்.

இன்றும் அவர்கள் உட்கார்கிறார்கள். முதலாளிக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் நான் ஒரு புது ஆபீசரைப் படைத்து நந்தனம் பக்கம் சுற்றவிடுகிறேன். நேற்றும் போனில் ஒருவரை அனுப்பிக்கொண்டிருந்தேன். கலைந்த சேலைகளை மடித்தபடி அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க காலுக்காகன்னு ஒரு தபா சொல்லித்தான் பாருங்களேன் சார்."

"சொல்றேம்மா" என்றேன். ஆடி முடியட்டும் என்று சொல்ல வழியில்லை. அது முடிந்து மாதங்களாகிவிட்டன.